‘தண்ணி வேணுமா?’ – தம்பியின் ஸ்பீச் தெரபியில் நான் பட்ட பாடு

என் மகனுக்கு இப்போது ஆறரை வயது. வீட்டில் எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார், சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவார். அதனால் தம்பியைத் தூக்கிக்கொண்டு அலைந்தது முழுக்க நான்தான். அப்போது யாராவது ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏம்மா, இதைச் செய்யாதே, அதை முதலில் பார்” என்று சொல்லியிருந்தால் ஒன்றரை வருஷமும் ஒன்றே முக்கால் லட்சமும் மிச்சமாகியிருக்கும். அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன்.

இரண்டே கால் வயதில் தம்பிக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தம் கேட்டால் ஓடி வருவான். ஏதாவது வேண்டுமென்றால் விரல் நீட்டிக் காட்ட மாட்டான். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய், என் கையைத் தூக்கி ஃபிரிட்ஜ் மேலே வைப்பான். முகத்தைப் பார்க்க மாட்டான், கை மட்டும் போதும் அவனுக்கு. குழந்தை டாக்டரிடம் சொன்னேன். “ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தாம்மா பேசும், செல்போனைக் குறைங்க” என்றார். அதைக் கேட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து எட்டு மாதம் சும்மா இருந்தேன். அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் என்னை நான் மன்னிக்கவில்லை. 16 மாதம் முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கென்றே எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, விரல் நீட்டிக் காட்டுகிறதா, பெயர் சொன்னால் திரும்புகிறதா என்பதெல்லாம் அதில் வரும். பத்து நிமிஷ வேலை. ஆட்டிசம் என்று அது முடிவு சொல்லாது, மேற்கொண்டு பார்க்கவேண்டுமா என்று மட்டும் சொல்லும். டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அந்த எட்டு மாதத்தில் சும்மா இருந்தேன் என்று சொன்னது முழு உண்மையில்லை. அத்தை, அதாவது என் மாமியார், தினமும் வசம்பு உரசி நாக்கில் தடவினார்கள். பக்கத்து வீட்டில் “அடிநாக்கு ஒட்டியிருக்கும், வெட்டிவிட்டா பேசிடும்” என்றார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில் பார்த்து ஆமாம் என்றார்கள், வெட்டினார்கள், 18,000 ரூபாய். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகள் சரியாக வராமல் போகலாம், பால் குடிப்பது சிரமமாகலாம். பேச்சே வராமல் இருப்பதற்கு அது காரணமில்லை என்று எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். தம்பி ஐந்து நாள் சாப்பிடாமல் கிடந்தான்.

மூன்று வயதில் பாலர் பள்ளி டீச்சர்தான் வாயைத் திறந்து, பிள்ளையைப் பரிசோதித்துப் பாருங்கள் என்று சொன்னார்கள். முதலில் காது பரிசோதனை. இதை யாரும் தாண்டிப் போகாதீர்கள். பிஸ்கட் சத்தம் கேட்கிறதே என்று நானும் நினைத்தேன், ஆனால் சில சத்தம் மட்டும் கேட்டு, பேச்சுச் சத்தம் கேட்காத குழந்தைகளும் உண்டு. பெரா என்ற பரிசோதனை செய்வார்கள். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்னச் சின்ன ஒயர் ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் கொடுத்து, மூளைக்கு அது போகிறதா என்று பார்ப்பார்கள். குழந்தை அசையாமல் தூங்கவேண்டும். ராத்திரி தூங்கவிடாமல் கூட்டிவரச் சொன்னார்கள், நானும் விடிய விடிய விளையாட்டுக் காட்டி வைத்திருந்தேன். மதுரை போகிற ரயிலில் கொடை ரோடு தாண்டியதும் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டான். பாவம் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் துள்ளி எழுந்தவன் சிரப் கொடுத்தும் தூங்கவில்லை. மறுபடி பத்து நாள் கழித்து தேதி. பெராவுக்குப் போகிறவர்கள் கூட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், வழியில் பிள்ளையைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வதே ஒரு ஆள் வேலை.

காது நன்றாக இருக்கிறது, ஆட்டிசம் என்றார்கள். அன்றைக்கு ராத்திரி பற்றி எழுதப் பிடிக்கவில்லை. மறுநாளே போனில் தேட ஆரம்பித்தேன், அதுதான் தப்பு. பயத்தில் இருக்கிற தாய்க்கு எந்த போர்டும் கோயில் கோபுரமாகத்தான் தெரியும். ஒரு சென்டரில் “மூணு மாசத்துல பேச வச்சிடுவோம்” என்றார்கள். சேர்க்கைக் கட்டணம் 10,000. ஸ்பீச், ஓ.டி. என்கிற ஆக்குபேஷனல் தெரபி, சிறப்புக் கல்வி எல்லாம் சேர்த்து மாதம் 14,000, மூன்று மாதத்துக்கு முன்பணம். நாலு பவுன் வளையலை அடகு வைத்தேன். எவ்வளவு நாளில் பேசுவான் என்று உறுதி சொல்கிற இடத்தை விட்டு அப்போதே திரும்பிவிடுங்கள். நல்ல தெரபிஸ்ட் யாரும் தேதி சொல்ல மாட்டார்கள், அடுத்த மூன்று மாதத்தில் எதை முயலப்போகிறோம் என்றுதான் சொல்வார்கள்.

சென்டரில் பெற்றோர் உள்ளே வரக்கூடாது. கதவு சாத்திவிடுவார்கள். 45 நிமிஷம் என்பது பில்லில். உள்ளே போய், அழுகை அடங்கி, உட்கார்ந்து, வெளியே வரும்போது நான் கடிகாரம் பார்த்தால் 25, 28 நிமிஷம் இருக்கும். “இன்னைக்கு நல்லா பண்ணான்” என்ற ஒரே வாக்கியம் எனக்கு. நாலு மாதம் கழித்து ஒருநாள் ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தேன். விசில் ஊதவைத்தார்கள், மெழுகுவர்த்தி அணைக்கச் சொன்னார்கள், ஒரு அதிர்கிற பிரஷ்ஷால் கன்னத்தைத் தேய்த்தார்கள். வாய்க்குப் பலம் வந்தால் பேச்சு வரும் என்று விளக்கம். என் பிள்ளை முறுக்கைக் கடித்து நொறுக்குகிறவன், அவன் வாய்க்கு என்ன பலம் குறைவு? ஊதுவதும் நாக்கைச் சுழற்றுவதும் பேச்சைக் கொண்டுவரும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று பின்னாளில் படித்தேன். அதைவிடப் பெரிய விஷயம், உள்ளே இருந்த பெண் ஸ்பீச் தெரபி படித்தவரே இல்லை. சைக்காலஜி முடித்து அங்கேயே கொஞ்ச நாள் பழகியவர். போர்டில் பெயர் இருந்தவர் மாதம் ஒருமுறை வந்துபோவார். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு என்ன சம்பளம் கொடுத்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தால் பாவமாக இருக்கிறது. ஆனால் நான் கேட்டிருக்கவேண்டும். ஸ்பீச் தெரபிக்கென்றே பி.ஏ.எஸ்.எல்.பி. என்று நாலு வருஷப் படிப்பு இருக்கிறது. முடித்தவர்கள் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்து எண் வாங்கியிருக்கவேண்டும், 1992ஆம் வருஷச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அந்த சி.ஆர்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி ஆர்.சி.ஐ. தளத்தில் போட்டுப் பார்க்கலாம். கேட்டால் கோபப்படுவார்களோ என்று தயங்காதீர்கள். படித்தவர்கள் சுவரிலேயே மாட்டியிருப்பார்கள்.

இது எல்லாவற்றையும்விட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. சேர்ந்த முதல் வாரமே, “வீட்ல ஒரே லாங்குவேஜ்தான் பேசணும், ரெண்டு மொழி இருந்தா குழம்பிடுவான், ஸ்கூல் இங்கிலீஷ்ங்கறதால இங்கிலீஷ்லயே பேசுங்க” என்றார்கள். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். “கம்”, “சிட்”, “ஈட்”, “கிவ் மீ”. அவ்வளவுதான் எனக்கு வரும். ஏழு மாதம் என் பிள்ளையிடம் அந்த நாலைந்து வார்த்தையில் பேசிக்கொண்டிருந்தேன். அவன் கீழே விழுந்தால்கூட “ஐயோ என் தங்கம்” என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டு “நத்திங், நத்திங்” என்றேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. முன்னாடியெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து சோறு ஊட்டும்போது, காக்கா வந்துச்சு, பூனை பார்த்துச்சு, ஆ காட்டு சாமி என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும் அவர்கள் நிறுத்தியதில்லை. இந்த உத்தரவுக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டு ஊட்டினார்கள். ஒருநாள் பார்க்கிறேன், சத்தமே இல்லாமல் உதடு மட்டும் அசைகிறது. நான் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளையும் ஒரே மொழி கேட்பவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், இரண்டு மொழியால் கூடுதல் தாமதம் வந்ததாகத் தெரியவில்லை. வீட்டில் யாருக்கு எந்த மொழி சரளமோ அதில் பேசுங்கள். அதை விட்டுவிடச் சொல்கிற ஆளை நம்பாதீர்கள்.

அந்த சென்டரில் அவன் ஒன்றுமே கற்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆறாவது மாதம் என் தாவாங்கட்டையைப் பிடித்து, “அம்மாசொல்லு” என்றான். மூன்றே முக்கால் வருஷம் காத்திருந்து கேட்ட முதல் அம்மா அது, கூடவே ஒரு சொல்லு ஒட்டிக்கொண்டு வந்தது. நாங்கள் எல்லோரும் அவனிடம் “அம்மா சொல்லு, அம்மா சொல்லு” என்று கெஞ்சிக்கொண்டே இருந்ததில் அதுதான் என் பெயர் என்று முடிவு செய்திருக்கிறான். சிரித்துக்கொண்டே அழுதேன். அதேபோல் தாகம் எடுத்தால், “தண்ணி வேணுமா?” என்று கேட்பான். பார்ப்பவர்கள் நமக்குத் தண்ணீர் வேண்டுமா என்று உபசரிக்கிறான் என்று நினைப்பார்கள். எப்போதெல்லாம் தண்ணீர் வந்ததோ அப்போதெல்லாம் அவன் காதில் விழுந்த சொல் அது, அவன் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இதெல்லாம் எக்கோலாலியா, அதாவது காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வது, கண்டித்து நிறுத்துங்கள் என்றார்கள் சென்டரில்.

எட்டாவது மாதம் நின்றுவிட்டோம். மீதி ஒரு மாதப் பணம் கேட்டதற்கு, ரசீதின் பின்னால் பொடி எழுத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள். சேர்க்கையும் ஒன்பது மாதக் கட்டணமும் 1,36,000, நாக்கு 18,000, ரயில், ஆட்டோ, வழிச்செலவு சுமார் 20,000. வளையல் இன்னும் திரும்பவில்லை.

பிறகுதான் எங்கள் ஊர் அங்கன்வாடி டீச்சர் சொல்லி, அரசு ஆஸ்பத்திரியில் இருக்கிற டி.இ.ஐ.சி., அதாவது மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போனேன். 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது இது, காசு கிடையாது. இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் மதுரைக்கு ரயில் ஏறிக்கொண்டிருந்தேன். குறையும் சொல்லவேண்டும். கூட்டம், வாரம் ஒருமுறை கிடைத்தாலே பெரிது, ஆள் மாறினால் சில மாதம் அந்த நாற்காலி காலியாகவே கிடக்கும். ஆனால் எனக்கு வாய்த்த தெரபிஸ்ட் பெண் முதல் நாளே, “நீங்களும் உள்ள வாங்கக்கா, உங்களுக்குத்தான் கிளாஸ்” என்றது. பத்து நிமிஷம் தம்பியோடு வழக்கம்போல விளையாடச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே இருந்தது. முடிந்ததும் காட்டியது. 43 கோடு. “இது என்ன? என்ன கலர்? சொல்லு, எங்க சொல்லு?” என்று பத்து நிமிஷத்தில் 43 முறை பரீட்சை வைத்திருக்கிறேன். “இப்படி ஒருத்தர் உங்ககிட்ட பேசினா நீங்க பேசுவீங்களாக்கா?”

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததில் பாதி, பேசாமல் இருப்பது எப்படி என்பதுதான். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பார்த்து ஒன்றிரண்டு வார்த்தை சொல்லவேண்டும். “சக்கரம் சுத்துது.” “கீழ விழுந்துருச்சு.” பிறகு மனதுக்குள் பத்து எண்ணவேண்டும். பத்து எண்ணுவது எவ்வளவு நீளம் என்று செய்து பாருங்கள், மூன்றாவது எண்ணிலேயே நாக்கு துறுதுறுக்கும். திறக்கமுடியாத டப்பாவில் அவனுக்குப் பிடித்த கடலைமிட்டாயைப் போட்டு அவன் கையிலேயே கொடுத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். தண்ணீர் கொடுக்கும்போது “வேணுமா?” என்று நான் கேட்கக்கூடாது, அவன் சொல்லவேண்டியதை அவன் குரலாக நான் சொல்லவேண்டும். “தண்ணி வேணும்.” நம் தமிழில் கேள்வி என்பது கடைசியில் ஒட்டுகிற அந்த ஒரு ‘ஆ’தானே. அதை நான் விட்டேன், ஐந்து வாரத்தில் அவனும் விட்டான். வீட்டில் சொல்கிற மாதிரியே கற்றுக்கொடுக்கச் சொன்னது இன்னொன்று. அட்டையில் ‘நீர்’ என்றும் வாயில் ‘தண்ணி’ என்றும் இரண்டு வேண்டாம். அத்தை மறுபடி திண்ணையில் காக்கா கதை ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

ரயிலில் போய்ப் போய் அவனுக்கு ஒரு வாக்கியம் மனப்பாடமாகியிருந்தது. திண்டுக்கல் ஸ்டேஷன் பெண் குரலில் அச்சு அசலாக, “பயணிகளின் கனிவான கவனத்திற்கு!” என்பான். நேரம் காலம் கிடையாது. கல்யாண வீட்டில், ரேஷன் கடையில், ஒருமுறை கோயிலில் பூசாரி மணியடிக்கும்போது. ஜனம் சிரிக்கும், நான் கூனிக் குறுகுவேன். டி.இ.ஐ.சி. பெண்ணிடம் சொன்னதும், “எப்பல்லாம் சொல்றான்னு ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்கக்கா” என்றது. எழுதினேன். ரேஷன் கடையில் நாற்பது நிமிஷம் நின்ற பிறகு. கல்யாண வீட்டில் மேளம் ஆரம்பித்ததும். இங்கிருந்து கிளம்பலாம் என்று கேட்கிறான்! அந்த அறிவிப்பு வந்தால் வண்டி வரும், வண்டி வந்தால் இந்த இடத்தை விட்டுப் போய்விடலாம். அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் எங்களிடம் கெஞ்சியிருக்கிறான், நாங்கள் உஷ் உஷ் என்று வாயைப் பொத்தியிருக்கிறோம். அதன் பிறகு அவன் அப்படிச் சொன்னதும், “போலாம்” என்று நான் சொல்லி உடனே வெளியே கூட்டிப்போவேன். இப்போது பாதி நேரம் “போலாம்” என்கிறான், மீதி நேரம் ரயில் வருகிறது. எக்கோலாலியாவில் பெரும்பகுதிக்கு அர்த்தம் உண்டு என்று 1980கள் முதலே ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள். நிறுத்துவதற்கு முன் எங்கே, எப்போது என்று குறித்துப் பாருங்கள்.

வேண்டியதன் படத்தைக் காட்டிக் கேட்க அவனைப் பழக்கலாம் என்று அந்தத் தெரபிஸ்ட் சொன்னதற்கு வீட்டில் பெரிய எதிர்ப்பு. “படத்தைக் காட்டியே பழகிட்டா வாயத் தொறக்க மாட்டானே ஏத்தா” என்று அத்தை. எனக்கும் அதே பயம். இந்தப் பயத்தையே சோதித்துப் பார்த்து 2006இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பைத் தெரபிஸ்ட் எடுத்துச் சொன்னது. நம்பகமான சான்று இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூட பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. முன்பு சென்டரில் 2,400 ரூபாய்க்கு வாங்கச் சொன்ன பட அட்டைகள் பெட்டியில் ஸ்னோமேன் இருந்தது, இக்லூ இருந்தது. இட்லி இல்லை. இந்த முறை எங்கள் வீட்டுச் சொம்பு, அவன் டிபன் பாக்ஸ், திண்ணை, அப்பாவின் பைக், கக்கூஸ் கதவு எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு லேமினேட் செய்து, தையல் கடையில் ஒட்டுப்பட்டை வாங்கி ஒட்டினேன். மொத்தம் 340 ரூபாய். செல்போன், டேப்லெட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலேயே பேசும்.

காகித வேலையும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் வருஷ மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசமும் சேர்ந்திருக்கிறது. 40 கேள்விகள் கொண்ட அளவுகோலை வைத்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள், யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் வரும். “பிள்ளைக்கு முத்திரை குத்தணுமா” என்று வீட்டுக்காரர் ஒரு வருஷம் இழுத்தார், அந்த ஒரு வருஷமும் நஷ்டம்தான். சான்றிதழ் இருந்தால் நிராமயா என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேரலாம், கட்டுவது சில நூறு ரூபாய், வருஷத்துக்கு ஒரு லட்சம் வரை, தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. ரசீது சரியாக இருந்தால்தான் பணம் வரும், துண்டுச் சீட்டு செல்லாது. வருமான வரி கட்டுகிறவர்களுக்குப் பழைய வரி முறையில் 80டிடி பிரிவில் 75,000, ஊனம் 80 சதவீதமோ மேலோ என்றால் 1,25,000 கழிவு. எங்களுக்கு அந்த யோகமில்லை. முழு மதிப்பீடு வேண்டுமென்றால் சென்னை பக்கம் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் என்கிற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, மைசூரில் அகில இந்திய பேச்சு, செவிப்புல நிறுவனம் இருக்கிறது. ஸ்டெம்செல் ஊசி போட்டால் பேசும் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போது தம்பி இரண்டு மூன்று வார்த்தை சேர்த்துப் பேசுகிறான், எல்லா நாளும் இல்லை. காய்ச்சல் வந்தால் பழைய அட்டைக்குத் திரும்பிவிடுவான். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதுகிறேன். கேட்டது, வேண்டாம் என்றது, சும்மா சொன்னது. முதல் பத்தி நாலு நோட்டுக்கு நிரம்பிவிட்டது. மூன்றாவதுதான் கஷ்டம், எதுவும் வேண்டாமல் நம்மிடம் ஒன்றைச் சொல்லவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவேண்டும், அதற்கு நாளாகும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தது. அதில் இதுவரை ஒன்பது வரி இருக்கிறது. கடைசி வரி போன வியாழக்கிழமை, காலை 7.40: “அப்பத்தா, காக்கா.” அத்தை சோற்றுக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்த்தபோது ஓட்டின் மேல் நிஜமாகவே ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆறாவது வரிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். “மழை” என்றான் அன்றைக்கு, ஆனால் வெளியே நல்ல வெயில்.